உளுந்துக்கு ஒரு நிறம்

அமராவதிக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டி ஓட்டவே கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் இரண்டு முறை விழுந்து எழுந்து, மூன்றாவது முறை வேண்டவே வேண்டாம் என்று விட்டுவிட்டவள். ஆனால் ஐந்து ஆண்டுகளாக அவள்தான் கார்களுக்குச் சாலையைப் பார்க்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். இதைக் கணவன் வீட்டுச் சொந்தங்களுக்கு விளக்கிச் சொல்லி முடிக்க இன்னும் ஓர் ஐந்து ஆண்டு ஆகும்.

"அமரா எங்க வேல பாக்குது?" என்று கல்யாணப் பந்தியில் யாராவது கேட்டால், அவள் கணவன் இளவரசு, "சிதம்பரத்துல, கார் கம்பெனி" என்பான்.

"ஷோரூம்லயா?"

"இல்ல, கார் செய்யற வேல."

"சிதம்பரத்துல ஏது மச்சான் கார் செய்யற கம்பெனி?"

அதற்கு மேல் இளவரசுக்கும் தெரியாது. "அது சாப்ட்வேர்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு ரசத்துக்குச் சோற்றைக் குழி பறிக்கத் தொடங்கிவிடுவான். சிப்காட்டில் ஃபிட்டராக இருக்கிறவனுக்குக் கார் என்றால் இரும்பு. இரும்பே இல்லாத அறையில் உட்கார்ந்து கார் செய்கிறேன் என்று பெண்டாட்டி சொன்னால் பாவம், அவன்தான் என்ன செய்வான்?

அந்த அறை சிதம்பரம் மேல வீதியில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருக்கிறது. இருபத்திரண்டு கம்ப்யூட்டர், இருபத்திரண்டு பேர். பாதிப் பேருக்கு மேல் பெண்கள். புவனகிரி, பரங்கிப்பேட்டை, லால்பேட்டை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள். அமராவதி மட்டும் கடலூரிலிருந்து ஒன்றேகால் மணி நேரம் வருவாள்.

வேலை இதுதான். கேமரா மாட்டிய கார்கள் ஊர் ஊராக ஓடும். அவை எடுத்த படங்கள் இந்த அறைக்கு வரும். சாலைக்குச் சாம்பல், மனிதருக்குச் சிவப்பு, வண்டிகளுக்கு நீலம், ஆடு மாடு நாய்க்கு மஞ்சள், வழியில் கிடக்கும் தடைகளுக்குக் கறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் உண்டு. படத்தில் இருக்கும் ஒவ்வொன்றையும் ஓரம் பிசகாமல் சுற்றி வரைந்து, அதற்குரிய நிறத்தைப் பூச வேண்டும். இப்படி லட்சக்கணக்கான படங்களைத் தின்றுதான் காருக்குள் இருக்கும் சாப்ட்வேர், இது ஆள், இது மரம், இது போகிற வழி என்று தெரிந்துகொள்கிறது. தகரத்தை வளைத்து, இன்ஜினைப் பூட்டி, நாலு சக்கரத்தை மாட்டினால் கார் ஆகிவிட்டது என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது காருக்கு முதலில் கண் வைக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணில் கொஞ்சம் மேல வீதியில் தயாராகிறது. இதைப் பெருமையாகச் சொல்லாமல் வேறு எப்படிச் சொல்வது?

அமராவதி இங்கே வந்தது முப்பத்தாறு வயதில். அதற்கு முன் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு டி.டி.பி. கடையில் பதினோரு வருடம் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்தாள். உயிரோடு திடகாத்திரமாக இருந்த மாப்பிள்ளையின் பெரியப்பாவைத் 'தெய்வத்திரு' ஆக்கி வைத்திருந்த பத்திரிகையை அச்சுக்குப் போகும் முன் பிடித்தவள் அவள்தான். அந்தக் குடும்பம் இன்றைக்கும் அவளுக்குத் தீபாவளிக்குப் பலகாரம் அனுப்புகிறது. போனிலேயே பத்திரிகை அனுப்பிக்கொள்ளும் வழக்கம் வந்ததும் கடைக்காரர் கடையை மூடினார். அமராவதி ஒரு மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள்.

நேர்முகத் தேர்வில் ஒரு பஸ் நிலையப் படத்தைக் காட்டி, இதில் எத்தனை ஆள் என்று கேட்டார்கள். உடன் வந்த சின்ன வயதுக்காரர்கள் எல்லாரும் பதினான்கு என்றார்கள். அமராவதி பதினைந்து என்றாள். பஸ்ஸின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், செருப்புப் போட்ட ஒரு குதிகால் தெரிந்தது. "காலு தனியா வராதுல்ல சார், மேல ஆளு இருக்கும்" என்றாள். வேலை கிடைத்துவிட்டது. இரண்டே வருடத்தில் அவள் செக்கிங்குக்கு உயர்ந்தாள். மற்றவர்கள் பூசிய படங்களை அவள் பார்த்துப் பச்சை டிக் போட்டால்தான் அது வேலை கொடுத்த கம்பெனிக்குப் போகும். அடுத்த இரண்டு வருடத்தில் அவள் டிக் போட்ட ஒரு பேட்ச் படம்கூடத் திரும்பி வந்ததில்லை. இதை அவள் யாரும் கேட்காமலே சொல்வாள். சொல்லட்டுமே!

அப்படிப்பட்டவளின் பேட்ச் போன வருடம் பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை திரும்பி வந்தது.

மையத்தின் மேலாளர் தட்சிணாமூர்த்தி நல்ல மனிதர். ஆனால் பயந்த சுபாவம். கம்பெனியிலிருந்து 'வணக்கம்' என்று மெயில் வந்தாலே எழுந்து நின்று படிப்பார். அன்று படித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அனுப்பியது சென்னையில் இருக்கும் கார் சாப்ட்வேர் கம்பெனியின் இன்ஜினியர் ஜெயப்பிரகாஷ். சாலையை முழுக்க மூடிக் கிடக்கும் ஒரு பொருளை நானூற்றுப் பன்னிரண்டு படங்களில் சாலை என்று குறித்திருக்கிறீர்கள், இது பெரிய கவனக்குறைவு, வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் இந்த வேலையை வேறு மையத்துக்கு மாற்றிவிடுவோம் என்று அதில் இருந்தது.

எல்லாரும் அமராவதியின் திரையைச் சுற்றி நின்று பார்த்தார்கள். படங்கள் குமராட்சி தாண்டி லால்பேட்டை போகும் சாலையில் எடுத்தவை. என்ன தப்பு என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. லால்பேட்டைப் பெண் ஒருத்திதான், "ஐயக்கா, இது உளுந்து! உளுந்து கெடக்கறத சொல்றாங்க!" என்றாள். அறை முழுக்கச் சிரிப்பு.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இந்தப் பக்கத்தில் சம்பா அறுவடையை ஒட்டி, ஈரம் காயாத வயலில் உளுந்து தெளிப்பார்கள். பங்குனியில் செடியைப் பிடுங்கி வந்து தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். பஸ், லாரி, டிராக்டர் என்று போகிற வண்டியெல்லாம் ஏறி மிதிக்க, நெற்று உடைந்து உளுந்து உதிரும். ஓரத்தில் இருக்கும் பெண்கள் செடியைக் கிளறிவிட்டு, உளுந்தைக் கூட்டிப் புடைத்து எடுப்பார்கள். களம் போதாது, ஆளும் கிடைப்பதில்லை. போலீஸ் வருடா வருடம் சத்தம் போடும், பேப்பரில் வருடா வருடம் எழுதுவார்கள், உளுந்தும் வருடா வருடம் சாலைக்கு வரும். சரியா தப்பா என்று கேட்டால் தப்புதான். ஆனால் அந்தச் சாலையில் வண்டி ஓட்டுகிற எவனும் உளுந்தைக் கண்டு நின்றதில்லை. வண்டி ஏறத்தானே அதைப் போட்டிருக்கிறார்கள்!

அதனால் இருபத்திரண்டு பேரில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. சாம்பல் நிறத்தை எடுத்தார்கள், பூசினார்கள். அமராவதியும் டிக் போட்டாள். திருச்சியிலோ திருநெல்வேலியிலோ இந்தப் படங்கள் போயிருந்தால் யாராவது ஒருவராவது "இது என்ன குப்பை?" என்று கேட்டிருப்பார்கள். இவர்களுக்கு அது குப்பையும் இல்லை, தடையும் இல்லை, ரோடு.

"எல்லாத்தையும் கறுப்பு ஆக்கிடுங்கம்மா. மன்னிப்புக் கேட்டு ஒரு மெயில் போட்டுட்டு நாளைக்கே அனுப்பிடலாம்" என்றார் தட்சிணாமூர்த்தி.

"கறுப்புன்னா காரு என்னா சார் பண்ணும்?"

"பிரேக் போட்டு நிக்கும்."

"பின்னாலயே காட்டுமன்னார்கோயில் பஸ்ஸு வருமே சார். அவன் நிப்பானா?"

தட்சிணாமூர்த்தி மெயிலை மறுபடி திறந்தார். "கம்பெனி கேக்கறத குடுப்போம்மா. நமக்கு எதுக்கு வம்பு?" என்றார்.

அமராவதிக்குச் சுருக்கென்றது. தப்பு என்று சொன்னதுகூடப் பரவாயில்லை, கவனக்குறைவு என்று எழுதியிருந்தானே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை. நானூற்றுப் பன்னிரண்டு படத்தையும் தானே ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள். நாங்கள் பூசியதுதான் சரி என்று ஆதாரத்தோடு எழுதி அந்த ஜெயப்பிரகாஷின் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். மறைப்பானேன், அன்று அவளுக்குக் கோபம்தான் முன்னால் நின்றது.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் முந்நூற்று ஏழாவது படம் வந்தது. உளுந்துச் செடி சாலையின் இடது பாதியில் மேடாகக் குவிந்திருந்தது. அமராவதி அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். பிறகு எதற்கென்று தெரியாமலே திரும்பி வந்தாள். படத்தைப் பெரிதாக்கினாள். மேட்டின் நடுவில் ஒரு மணிக்கட்டு தெரிந்தது. அதில் இரண்டு வளையல்.

இன்னும் பெரிதாக்கினாள். வெயிலுக்கு மண் நிறத் துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு, காருக்கு முதுகைக் காட்டி, செடிக்குள் குந்தி உட்கார்ந்து ஒருத்தி உளுந்து கூட்டிக்கொண்டிருந்தாள். புடவையும் காய்ந்த செடியின் நிறம். அவள் மீதும் சாம்பல் பூசியிருந்தது. கீழே பச்சை டிக் இருந்தது.

தொடர்ந்து பார்த்தாள். கார் நெருங்க நெருங்க எடுத்த பதினொரு படங்களிலும் அவள் இருந்தாள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வந்தாள். பதினொன்றிலும் அவளைச் சாலை என்றே குறித்திருந்தார்கள். கார் ஓட்டியவன் மனிதனாக இருந்ததால் ஒதுங்கிப் போயிருக்கிறான்.

அமராவதி பிறந்த வீடு இந்தப் பக்கம்தான். பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அவளும் இதே சாலையில், இதே மாதிரி துண்டைப் போட்டுக்கொண்டு அம்மாவோடு உட்கார்ந்து உளுந்து கூட்டியவள்தான். பஸ்ஸுக்கு அடியில் குதிகாலைப் பிடித்தவள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டாளே, அவள் கண்ணுக்கு இந்த முழு மனுஷி தெரியவில்லை. உளுந்தைப் பார்த்ததும் ரோடு என்று முடிவு கட்டிவிட்ட கண் அதற்குள் வேறு எதையும் தேடவே இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. அன்று அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

அந்தப் படங்களைப் பூசியவள் தமிழ்ச்செல்வி. புவனகிரிக்காரி, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவள். விஷயம் தெரிந்ததும் கண் கலங்கிவிட்டாள். "அக்கா, எம் பேர மட்டும் போட்டுடாதீங்கக்கா."

"ஒம் பேரு எதுக்குடி? டிக் போட்டது நான்."

தட்சிணாமூர்த்தி கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். "அமராவதி, அவுங்க மெயில்ல உளுந்தப் பத்தித்தான் இருக்கு. இந்தப் பொம்பளைய அவுங்களும் பாக்கல. சத்தமில்லாம அந்தப் பதினோரு படத்துலயும் செவப்பு பூசி அனுப்பிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது? நாமளே போயி சொன்னா வெள்ளிக்கெழம வரைக்கும்கூட உட மாட்டாங்க, இன்னிக்கே வேலைய எடுத்துடுவாங்க. இருவத்திரண்டு பேரு சோறும்மா."

அவர் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. அதுதான் சங்கடம். அமராவதி சொன்னாள்:

"நம்ம படத்துல சரி பண்ணிடலாம் சார். நான் பாக்காம உட்டத, அவுங்களும் பாக்காம உட்டுருக்காங்க. அப்ப வேற சென்டர்ல, பழைய பேட்ச்ல, இந்த மாதிரி ஒக்காந்துருக்கறவங்க எத்தன பேர ரோடுன்னு பூசி வச்சிருக்காங்களோ? அதெல்லாம் ஏற்கெனவே காருக்குள்ள போயிருக்கும். ஒரு டிரைவர் தப்பு பண்ணா ஒரு வண்டியோட போச்சு. இது அந்தக் கம்பெனி சாப்ட்வேர் போடற எல்லா காருக்கும் போவும் சார். தெரிஞ்சப்பறம் எப்பிடி சும்மா இருக்கறது?"

"வேல போச்சுன்னா?"

"போச்சுன்னா நான்தான் காரணம்னு எல்லார்கிட்டயும் நானே சொல்லிடறேன்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. வீரமாகச் சொன்னாள் என்று எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் நடுங்கிக்கொண்டுதான் சொன்னாள். அதனால்தான் அதற்கு மதிப்பு.

மாலை நான்கு மணிக்குத் தமிழ்ச்செல்வியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெயில் எழுதினாள். உளுந்தைத் தடை என்று நீங்கள் சொல்வது தப்பு, கார் திடீரென்று நின்றால் பின்னால் வரும் வண்டி மோதும். சாதாரணச் சாலை என்று நாங்கள் சொன்னதும் தப்பு, உளுந்து இருந்தால் அதற்குள் ஆள் இருப்பார்கள், வேகமாகப் போகக் கூடாது. நீங்கள் பார்க்காத இன்னொரு தப்பும் இருக்கிறது, அதைச் செய்தது நான் என்று எழுதி, பதினொரு படங்களின் எண்களையும் கொடுத்தாள். அனுப்புகிற பட்டனை அழுத்தியது அவள்தான். தட்சிணாமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு தில்லைக் காளியை வேண்டிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை போன் வந்தது. பேசியது ஜெயப்பிரகாஷ். "அமராவதி யாரு? அவங்களைக் கூட்டிட்டுப் போய் அந்த ரோட்டைப் பார்க்கணும். நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. நல்லதா கெட்டதா என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை.

வீட்டில் இளவரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முழுவதையும் கேட்டுவிட்டு, "எங்க ஃபேக்டரியில ஒரு போல்ட்டு லூசா இருக்குன்னு நாமளே சொன்னா திட்டுவாங்க. சொல்லாம உட்டா ஆளு செத்துடுவான். திட்டு வாங்கறதுதான் மேலு" என்றான். அவள் வேலை என்னவென்று அவனுக்குப் புரிந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வந்த ஜெயப்பிரகாஷுக்கு முப்பது வயதுகூட இருக்காது. கூரையில் இரண்டு கேமரா, முன்னால் ஒன்று, உள்ளே ஒரு திரை என்று சோதனைக் காரை அவனே ஓட்டி வந்திருந்தான். "வாங்க மேடம், காட்டுங்க" என்று அவளை முன்சீட்டில் உட்கார வைத்தான். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு காருக்குள் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் திரையில் சாலை சாம்பலாகவும் ஆட்கள் சிவப்பாகவும் ஓடின. தான் பூசிய நிறங்கள் தானாக நகர்வதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. வேலை போனாலும் இதைப் பார்த்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாள்.

குமராட்சி தாண்டியதும் உளுந்து வந்தது. "என்ன பண்ணுதுன்னு பார்ப்போம்" என்று ஜெயப்பிரகாஷ் ஸ்டியரிங்கில் கையை லேசாக வைத்துக்கொண்டு காரைத் தன் போக்கில் விட்டான். கார் உளுந்தின் மேல் ஏறியது, தயங்கியது, இருபதடி போனதும் திடீரென்று பிரேக் போட்டு நின்றுவிட்டது. பின்னால் வந்த மினி பஸ் வாலை மிதித்த மாதிரி ஹாரன் அடித்து, உரசாத குறையாக ஒதுங்கிப் போனது. ஜெயப்பிரகாஷ் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் நின்றது என்று குறிக்க ஆரம்பித்தான்.

"சார், இங்க நிக்கக் கூடாது சார்" என்றாள் அமராவதி.

"ஒரே நிமிஷம் மேடம்."

அதற்குள் சாலையோரத்திலிருந்து ஒரு பெண்மணி முறத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பெயர் விருத்தாம்பாள் என்று பிறகு தெரிந்தது. உளுந்து அவளுடையது. கண்ணாடியில் படார் படாரென்று தட்டினாள்.

"யோவ்! அறிவு இருக்கா? எடுய்யா வண்டிய! காஞ்ச செடி சைலன்சர்ல பட்டா நெருப்புப் புடிச்சிக்கும்யா! போறதுன்னா போவணும், ஒளுந்து மேல நிக்கறான் பாரு!"

ஜெயப்பிரகாஷ் முழித்தான். அப்போதுதான் கருகல் வாசனை வந்தது. அவசரமாக வண்டியை எடுத்து உளுந்தைத் தாண்டி வெறும் சாலையில் நிறுத்தினான். குனிந்து பார்த்தார்கள். வண்டியின் அடியில் கொத்துக் கொத்தாகச் செடி சிக்கியிருந்தது. சைலன்சர் ஓரத்தில் இருந்தது கறுத்துப் புகைந்துகொண்டிருந்தது. அவர்கள் தண்ணீர் பாட்டிலைத் தேடுவதற்குள் விருத்தாம்பாள் ஒரு குடத்தோடு வந்து ஊற்றி, கோலால் செடியை இழுத்துப் போட்டாள். "எந்தூரு தம்பி நீயி? காரு ஓட்டத் தெரியாம காரு வாங்கிட்டியா?" என்று கேட்டாள்.

அவன் அதற்குக் கோபப்படவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே அவனை எனக்குப் பிடிக்கும்.

புளியமர நிழலில் நின்று அமராவதியிடம் சொன்னான்: "முன்னாடியெல்லாம் ஒரு காரை டிசைன் பண்ணி வித்துட்டா அதோட கதை முடிஞ்சுது மேடம். இப்போ வித்த காருக்கே மூணு மாசத்துக்கு ஒரு தடவை புது சாப்ட்வேர் அனுப்புறோம். பிரேக் எப்போ பிடிக்கணும்ங்கறதையே அதுதான் முடிவு பண்ணுது. நீங்க மெயில் போடலைன்னா, உளுந்தைக் கண்டா நில்லுன்னு நான் இந்த மாசமே சொல்லிக் கொடுத்திருப்பேன். நெருப்பு மேல போய் நிறுத்தியிருப்பேன்."

"எதுக்கு எந்தக் கலருன்னு நீங்க குடுத்த கைடுல இதுக்கு ரூல் இல்ல சார்."

"கைடு எழுதினவங்க உளுந்தை இட்லியிலதான் பார்த்திருக்காங்க. நானும்தான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான்: "அந்தப் பதினோரு படம். நாங்க கண்டுபிடிக்கவே இல்லை. சொல்லாமலே மாத்தியிருக்கலாமே, ஏன் சொன்னீங்க?"

அமராவதி சாலையைக் காட்டினாள். விருத்தாம்பாள் திரும்பிப் போய்ச் செடிக்குள் உட்கார்ந்திருந்தாள். நூறடி தூரத்தில் அவள் எங்கே, செடி எங்கே என்று தெரியவில்லை.

"அவங்க எங்க இருக்காங்கன்னு பாருங்க சார்" என்றாள்.

அவன் தேடினான். கொஞ்ச நேரம் தேடினான்.

மேல வீதிக்குத் திரும்பி வந்ததும், எல்லார் முன்னாலும் ஜெயப்பிரகாஷ் சொன்னான். வேலை எங்கும் போகாது. உளுந்து, எள், கேழ்வரகு என்று சாலையில் பரப்பும் எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு லேபிள், ஒரு நிறம் வேண்டும், அதற்கான விதியை அமராவதி மேடம்தான் எழுத வேண்டும். தட்சிணாமூர்த்தி எழுந்து நின்று கைதட்டினார். அன்று மாலைக்குள், மெயில் அனுப்பச் சொன்னதே தான்தான் என்கிற அளவுக்கு வந்துவிட்டார்.

விதியை அமராவதி முதலில் தமிழில் எழுதினாள். பயிர் பரப்பிய சாலைக்கு முன்பே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஏறிப் போகலாம், ஆனால் ஆள் குறுக்கே இருந்தாலொழிய அதன் மேல் நிற்கக் கூடாது. குறுக்கே ஆள் தெரிந்தால் ஏறுவதற்கு முன்பே நிற்க வேண்டும். செடிக்குள் தரையோடு தரையாக ஆள் உட்கார்ந்திருப்பார்கள், நிற்கிற ஆளை மட்டும் தேடாதே. கடைசி வரியை ஆங்கிலத்தில் மாற்றத் தமிழ்ச்செல்வி நான்கு தடவை எழுதி அழித்தாள். "என்ன நிறம் வேணும்?" என்று ஜெயப்பிரகாஷ் கேட்டபோது தமிழ்ச்செல்விதான் ஊதா என்றாள். ஊதா ஆயிற்று.

விதி எல்லா மையங்களுக்கும் போயிற்று. பழைய படங்களை எல்லாம் மறுபடி தோண்டிப் பார்த்தார்கள். குந்தி உட்கார்ந்திருந்தவர்கள் நாற்பத்தேழு பேர் கிடைத்தார்கள். சிலரைச் சாலை என்றும், சிலரை மண்மேடு என்றும், ஒருத்தியைக் குப்பை மூட்டை என்றும் குறித்திருந்தார்கள். அதில் ஆறு பேர் அமராவதியின் பச்சை டிக்கோடு இருந்தார்கள். அந்த ஆறு படத்தையும் அவளே திறந்து, அவளே சிவப்புப் பூசினாள். அது அவளை உறுத்தியது. ஆனால் நாற்பத்தேழு பேர் இப்போது ஆள்கள் என்பதில் அவளுக்குப் பெருமைதான். கண்ணாடி மாட்டிய பெரிய பெரிய கட்டடங்களில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்றைப் பாத்திரக் கடை மாடியிலிருந்து சொல்லிக் கொடுத்தவள் என்று அவளை நான் சொல்லுவேன். அவள் சொல்ல மாட்டாள்.

இந்த வருடம் பங்குனியில் ஜெயப்பிரகாஷ் மறுபடி வந்தான். புது சாப்ட்வேர் போட்ட கார். அதே சாலை. அமராவதி முன்சீட்டில் உட்கார்ந்தாள்; பின்னால் தமிழ்ச்செல்வி. விதி எழுதியாயிற்று, படமும் கொடுத்தாயிற்று. கார் கற்றுக்கொண்டதா இல்லையா என்பது இங்கே வந்தால்தானே தெரியும்?

தூரத்தில் உளுந்து தெரிந்ததுமே திரையில் சாலை ஊதாவாயிற்று. அறுபதில் வந்த கார் நாற்பதுக்கு இறங்கியது, இருபதுக்கு இறங்கியது, மாட்டு வண்டி வேகத்தில் செடி மேல் ஏறியது. பின்னால் வந்த லாரிக்காரன் முன்பே வேகம் குறைவதைப் பார்த்துத் தானும் குறைத்துக்கொண்டான். ஜெயப்பிரகாஷ் மூச்சை விட்டான்.

அமராவதி திரையைப் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே செடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று ஒவ்வோர் அடியாகத் தேடிக்கொண்டு வந்தாள். யாரும் இல்லை. வெறும் உளுந்துதான்.

கார் தானாக வலது பக்கம் ஒதுங்கத் தொடங்கியது.

"ஏன் ஒதுங்குது? ஆளே இல்லியே" என்றாள் தமிழ்ச்செல்வி.

அமராவதி திரையைப் பார்த்தாள். ஊதாவுக்கு நடுவில், இடது ஓரமாக, சின்னதாக ஒரு சிவப்பு இருந்தது. மறுபடி வெளியே பார்த்தாள். காய்ந்த செடி. இன்னும் உற்றுப் பார்த்தாள். செடி அசைந்தது. துண்டு போர்த்திய ஒரு தலை தெரிந்தது. கார் அவளுக்கு ஓர் ஆள் இடம் விட்டு மெதுவாகக் கடந்து போனது. அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உளுந்தைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

அமராவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஜெயப்பிரகாஷ் சிரித்தான். "என்ன மேடம், உங்களுக்கு முன்னாடி அது பார்த்துடுச்சே!"

"பாக்கட்டும் சார்" என்றாள் அவள். "எனக்கு முன்னாடியே பாக்கட்டும்."